மருமகள் வராத வீடு

காலை ஒன்பது மணிக்கு நான் பிறந்த வீட்டுக்கு வேலைக்குப் போகிறேன். தெருவாசல் படலையடியில் காவலாளி எழுந்து நின்று ஒரு கொப்பியை நீட்டுவார். வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்குப் போகும் நேரத்தை எழுதிவிட்டு வெளியேற வேண்டும். அதற்குப் பிறகு அங்கே தங்க எவருக்கும் அனுமதியில்லை. வீட்டுக்கு இப்போது ‘வாழும் அருங்காட்சியகம்’ என்று பெயர். முன்சுவரில் பித்தளைத் தகட்டில் அப்படித்தான் பொறித்திருக்கிறார்கள்.

வாவிக்கும் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில், வாவியைப் பார்த்த முகமாக அந்த வீடு நிற்கிறது. முதிரை மரத்து நிலைகள், கூரையைத் தாங்கும் பாலைமரத் தீராந்திகள், சுண்ணாம்பு பூசிய பருத்த சுவர்கள், வெறுங்காலுக்கு எந்நேரமும் குளிர்ந்திருக்கும் சிவப்புச் சீமெந்துத் தரை. முன்னால் நீண்ட விறாந்தை, நடுவில் கூடம், இரு பக்கமும் இரண்டிரண்டு அறைகள், பின்னால் தனியாகக் குசினி. வாசற்படியின் கீழே ஒரு கருங்கல் பதித்திருக்கிறது. பல பேரின் கால்பட்டு அதன் நடுப்பகுதி தேய்ந்து இலேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. இந்தக் கல்லைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டையும் வயலையும் அவளுக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். மகன் கல்யாணம் செய்தால் தன் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். இந்த வீடும் அப்படியே தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று இறங்கி வந்து அம்மாவிடம் நின்றது. கடல்தொழில் செய்த அப்பா மாங்கேணியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு மாப்பிள்ளையாக இங்கே வந்தவர். சாகும் வரை இந்த வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் கலண்டர் மாட்டச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் சுத்தியலோடு குசினி வாசலில் வந்து நிற்பார்.

“இதில அடிக்கட்டா?”

அம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே சொல்வார். “கொஞ்சம் கீழால அடிங்க.”

அவர் எந்த இடத்தைக் காட்டினார் என்பதையே அம்மா பார்த்திருக்க மாட்டார். அப்பாவும் கொஞ்சம் கீழே அடித்துவிட்டுப் போவார். அதில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. கடலிலும் கடற்கரையிலும் அவர் குரல் எவ்வளவு உயரக்கூடியது என்பதை நாங்கள் அறிவோம். வீட்டுக்குள் அவர் வெளியிலிருந்து வந்தவர். அதை அறிந்தே நிம்மதியாக வாழ்ந்தார்.

என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வந்து அந்தக் கல்லின் மேல்தான் நிறுத்தினார்கள். பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைப்பது முறை. என் தம்பி பித்தளைச் செம்போடு குனிந்து உட்கார்ந்தான். மாப்பிள்ளை கரடியனாற்றுப் பக்கத்தில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை.

“என்ன மச்சான், இவ்வளவு சேறு? வயல் வட்டைக்குள்ள இருந்து நேரா மணவறைக்கோ?” என்று தம்பி கேட்டான்.

“அப்ப நல்லாத் தேச்சுக் கழுவுங்க மச்சான். மோதிரம் சும்மா வருமா?” என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது. உள்ளே கூறைச் சேலையில் வியர்த்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் மோதிரத்தைக் கழற்றித் தம்பியின் விரலில் போட்டுவிட்டு, ஈரக்காலோடு என் வீட்டுக்குள் வந்தார். அந்த ஈரத் தடம் கூடத்தின் நடுவரை இருந்ததைப் பார்த்தேன். பதினொரு வருடம் அவர் அங்கே வாழ்ந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அப்பா காலமாகி, பிறகு என் கணவரை நெஞ்சு வருத்தம் கொண்டுபோனதும் அந்த வீட்டில் அம்மாவும் நானும் மிஞ்சினோம். தம்பி ஏற்கெனவே கல்யாணம் செய்து, இரண்டு தெரு தள்ளித் தன் மனைவியின் வீட்டில் இருந்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள். வடக்கு அறைதான் என் அறை. யன்னலைத் திறந்தால் வாவி. அங்கே இருந்து படித்த புத்தகங்களை எண்ணி முடியாது. அம்மா பிள்ளை பெற்ற அறையும், பின்னாளில் அவர் கண்மூடிய அறையும் அதுவேதான். எனக்கும் அந்த அறையிலேயே முடிய வேண்டும் என்று விரும்பினேன். என் வயதில் ஒரு பெண் தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய ஆசை அது.

அந்த ஆசையைத் தோற்கடித்தது என்னுடைய அழகான கையெழுத்து.

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் எங்கள் வீடு விழவில்லை. பருத்த சுவர்கள் தாங்கிக்கொண்டன. ஆனால் ஓடுகள் போயின. அம்மாவின் அலுமாரி கவிழ்ந்து, உள்ளே இருந்த பழைய வீட்டு உறுதிப் பத்திரங்கள் உப்புத் தண்ணீரில் ஊறிக் கூழாகின. நாங்கள் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தோம். வீடு திருத்த உதவி வேண்டுபவர்கள் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அங்கிருந்தவர்களில் எழுத வசதியான கை என்னுடையது. மரத்தின் கீழே ஒரு வாங்கில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் படிவம் நிரப்பினேன். எங்களுடையது கடைசியாக வந்தது. ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது.

“இதில ஆற்ற பேர எழுதிற?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“தம்பிட பேரப் போடு புள்ள. அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஓடித் திரியிறவன் அவன்தானே.”

தம்பி பக்கத்தில் நின்றான். “என்ட பேரா? என்ட பொஞ்சாதி கேட்டா ரெண்டு வீட்டுக்கும் தலைவனெண்டு நினைச்சு ரெண்டு வீட்டுக்கும் விறகு கொத்தச் சொல்லுவா” என்றான். வாங்கைச் சுற்றி நின்ற பெண்கள் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு நான் அவன் பெயரை எழுதினேன். எழுத்து வழக்கம்போல் அழகாக, உருண்டையாக வந்தது.

அன்று அந்த மரத்தடியில் நான் நிரப்பிய படிவங்களில் எத்தனையில் மகனின் பெயரையும் மருமகனின் பெயரையும் எழுதினேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எந்தப் பெண்ணும் மறுக்கவில்லை. வீடு தன்னுடையது என்பதில் யாருக்காவது ஒரு சிறு சந்தேகமாவது இருந்திருந்தால் மறுத்திருப்பாள். சந்தேகமே இல்லாததால் கந்தோர் வேலைக்கு ஓர் ஆணின் பெயர் போதும் என்று விட்டுவிட்டோம். வேறு ஊர்ப் பெண்கள் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பத்திரத்தின் அருமை தெரியும்.

உதவி அந்தப் பெயருக்கு வந்தது. நனைந்துபோன உறுதிக்குப் பதிலாகப் புது உறுதி எழுதியபோதும் அதே பெயரையே எழுதினார்கள். அம்மா எதிர்க்காமல் கையெழுத்து வைத்தார். காணிப் பதிவகத்தில் தேடியிருந்தால் பழைய உறுதியின் பிரதி கிடைத்திருக்கும். தேடவில்லை. யாருக்கு எதிராகத் தேடுவது?

அம்மா போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் தம்பி குசினி வாசலில் வந்து நின்றான். அப்பா சுத்தியலோடு நின்ற அதே இடம். பழைய வீடுகளைப் பேணும் ஓர் அறக்கட்டளை நம் வீட்டைக் கேட்கிறது என்றான். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது உண்மை. தீராந்தி இரண்டு உளுத்துவிட்டதும் உண்மை.

“உங்களுக்குப் பிறகு ஆருக்கு அக்கா இது?” என்றான்.

அவன் குத்திக்காட்டவில்லை. எங்கள் முறைப்படி அது நியாயமான கேள்வி. எனக்கு மகள் இல்லை. அவனுடைய மகளுக்கு அவள் தாயின் வீடு இருக்கிறது. வீடு என்னோடு நின்றுவிடும்.

“வடக்கு அறை எனக்கு வேணும் தம்பி. நான் உசிரோட இருக்குமட்டும்.”

“அதெல்லாம் நான் கதைச்சுப் போட்டன். நீங்க யோசியாதீங்க.”

அவன் கதைத்தது உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் வழங்குபவருக்கும் பெறுபவர்களுக்கும் இடையில் எழுதப்பட்டது. அதில் என் பெயர் வருவதற்கு இடமே இருக்கவில்லை. திருத்த வேலை முடிந்து, என் கட்டிலைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று கேட்கப் போனபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த பொறுப்பாளர் எழுந்து நின்று கதிரை தந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். மரியாதையான மனிதர்.

“அம்மா, பேணல் விதிப்படி கட்டடத்துக்குள் யாரும் குடியிருக்க முடியாது. ஆனால் பகலில் நீங்கள் எங்களோடு இருந்தால் எங்களுக்குப் பெரிய பேறு. வருகிறவர்களுக்கு வீட்டை விளங்கப்படுத்த உங்களைப்போல் யார் இருக்கிறார்கள்?”

கூட வந்திருந்த தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலை முடியும்வரை அயல்வீட்டில் வைத்திருந்த என் கட்டிலும் புத்தகப் பெட்டிகளும் அன்றே அவன் மனைவியின் வீட்டுக்குப் போயின. எனக்கு மச்சாள் அவர். ஒரு நாளும் முகம் கோணியதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வீட்டில் குடியிருப்பது எப்படிப்பட்ட நிலை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவருடைய குசினியில் நான் எதையும் என் கையால் எடுப்பதில்லை. அவர் தரும்வரை இருப்பேன்.

பகல் வேலையை ஏற்றுக்கொண்டேன். அந்த வீட்டுக்குள் போக வேறு வழி இருக்கவில்லை.

முதல் நாள் போனபோது வாசலில் ஒரு மணப்பெண் நின்றாள். உடுப்புக் கடை யன்னலில் நிற்கும் பிளாஸ்டிக் பொம்மை. சோடாப் போத்தல் போன்ற இடுப்பு, ரோஸ் நிற உதடு, தங்கக் கரைச் சேலை. அவளுடைய வலது கால் அந்தக் கருங்கல்லை நோக்கி நீட்டியிருந்தது. இரவல் பித்தளைச் செம்பு ஒன்று பக்கத்தில் இருந்தது. மேலே பலகையில் எழுதியிருந்தார்கள்: ‘புது மருமகள் புகுந்த வீட்டில் அடியெடுத்து வைக்கும் காட்சி.’ வடக்கு அறைக்கு ‘மருமகள் அறை’ என்று பெயர். அப்பாவின் பழைய படத்தைப் பெருப்பித்துக் கூடத்தின் நடுவில் மாட்டி, கீழே ‘இல்லத் தலைவர்’ என்று எழுதியிருந்தார்கள். அதற்கு ஆணி அடிக்கும்போது யாரும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள். கதவடியில் வீட்டை வழங்கியவரின் பெயர் இருந்தது. தம்பியின் பெயர்.

அம்மாவின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அவருடைய தோசைக்கல்லும் அரிவாள்மணையும் இலக்கம் ஒட்டிக் கண்ணாடிக்குள் இருந்தன.

“இந்த வீட்டுக்கு மருமகளே வந்ததில்லை” என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். “கட்டின நாள் தொடக்கம் இந்தக் கல்லில் நின்றது மாப்பிள்ளைமார்தான்.”

அவர் வியந்து கேட்டார். குறிப்பும் எடுத்தார். பிறகு தயங்கினார். “ஆனால் அம்மா, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். பொதுவாக எல்லா இடத்திலும்...”

அறை போய்விட்டது. இனி ஒரு பலகையில் ஒரு வரி மட்டும் கேட்போம் என்று நான் தீர்மானித்தது அன்றுதான். ‘இது தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு.’ அவ்வளவே. கேட்டபோது, அதுவும் குழப்பும் என்று அவர் மறுத்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, பாடசாலை விடுமுறையில் எங்களைப்போலவே பெண்ணுக்கு வீடு கொடுக்கும் காத்தான்குடியிலிருந்து நான்கைந்து முஸ்லிம் பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் பலகையை வாய்விட்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

“என்னகா இது, மருமகள் வாறாவாம்? இந்த ஊட்டுப் பொம்புளப் புள்ளைக்கு என்ன நடந்த?”

“பொம்புளப் புள்ள நான்தான்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப இது உங்கட ஊடு. இந்தப் பொம்ம ஆரு, உங்கட ஊட்டுக்குள்ள கால நீட்டிக்கிட்டு நிக்கிறா?”

“அவவுக்குச் சொந்த ஊடு இல்லப் போல, பாவம்” என்றார் இன்னொருவர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “மாப்பிள்ளப் பொம்ம ஒண்ட வாங்கி நிப்பாட்டுங்க. ஒரு பெட்டியும் குடுத்து விடுங்க கையில.”

நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். சத்தம் கேட்டு வந்த பொறுப்பாளர் புன்னகையோடு நின்றார். அவர்கள் போன பின் நான் என் வரியை மீண்டும் கேட்டேன். இம்முறை அவர் மறுக்கவில்லை.

“சேர்க்கலாம் அம்மா. ஆனால் வீட்டின் வரலாற்றில் மாற்றம் செய்வதென்றால் வழங்கியவர் ஒரு கடிதம் தர வேண்டும். ஒரு பக்கம் போதும்.”

அன்று பின்னேரம் மச்சாளின் வீட்டு விறாந்தையில் தம்பியிடம் சொன்னேன். நான்தான் எழுதித் தருகிறேன், நீ கையெழுத்து மட்டும் வை என்றேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

“பாப்பம் அக்கா” என்றான்.

பிறகு வயல் வெட்டு முடியட்டும் என்றான். பிறகு கிரானில் ஒரு செத்த வீடு என்றான். மூன்றாம் முறை கேட்டபோது கோப்பையைக் கீழே வைத்தான்.

“அது அம்மாட வீடு, அவவுக்குப் பிறகு அக்காட வீடு எண்டு நான் எழுதினா, மறுகா நான் குடுத்தது ஆற்ற வீட்ட? என்ட கையால நான் களவெடுத்தவன் எண்டு எழுதச் சொல்லுறீங்களா?”

“நான் அப்பிடிச் சொல்லயில்ல.”

“நீங்க சொல்ல மாட்டீங்க. எழுதித் தருவீங்க. அண்டைக்கும் நீங்கதானே எழுதின.”

மச்சாள் உள்ளேயிருந்து அவனுடைய பெயரைச் சொல்லி அதட்டினார். அவன் சொன்னதில் பொய் எதுவும் இருக்கவில்லை. அந்தக் கடிதத்தை நான் பிறகு கேட்கவில்லை.

போன ஆவணியில் ஒரு நாள் முற்பகல், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், தம்பி அருங்காட்சியகத்துக்கு வந்தான். திறப்பு விழாவுக்குப் பிறகு அவன் அங்கே வந்தது அதுவே முதற் தடவை. வழங்கியவர் என்று தெரிந்தும் காவலாளியிடம் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு, எல்லா வருகையாளர்களையும்போல வரிசையில் வந்தான். கருங்கல்லுக்கு முன்னால் சற்று நின்றான். அதை மிதிக்காமல் பக்கவாட்டால் ஏறினான்.

அவனுக்கு நான் வீட்டைச் சுற்றிக் காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை. அப்பாவின் படத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றான். வடக்கு அறையை எட்டிப் பார்த்தான். கட்டியிருந்த கயிற்றைத் தாண்டவில்லை. பிறகு என் மேசைக்கு வந்தான். அவன் நடை தளர்ந்திருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

“அக்கா, தண்ணி கொஞ்சம் தாங்க.”

சிறு வயதிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்ததும் அவன் கேட்கும் முதல் வார்த்தை அது. கல்யாணம் செய்து போன பிறகும் ஒவ்வொரு முறை வரும்போதும் அதையே கேட்பான். அம்மா மண்பானையிலிருந்து மூக்குப்பேணியில் வார்த்துத் தருவார். நான் எழுந்துவிட்டேன். இரண்டு அடி வைத்த பிறகுதான் நினைவு வந்தது. மூக்குப்பேணி கண்ணாடிக்குள் இருந்தது, நாற்பத்தாறாம் இலக்கத்தோடு. பானை வெறும் பானை. குசினி அடுப்பில் செயற்கைத் தணல் சிவப்பு விளக்காக எரிந்துகொண்டிருந்தது. கிணற்றுக்கு வலை அடித்திருந்தார்கள். அந்த வீடு முழுவதிலும் ஒரு வாய் தண்ணீர் இல்லை.

என் பையில் நான் கொண்டுவரும் பிளாஸ்டிக் போத்தல் இருந்தது. மச்சாள் காலையில் நிரப்பித் தந்தது. அதை நீட்டினேன். அவன் வாங்கி, மூடியைத் திறந்து, போத்தலைப் பார்த்தான். தன் வீட்டுத் தண்ணீர் என்பது அவனுக்கு விளங்கியது. வாய் வைக்காமல் அண்ணாந்து இரண்டு மிடறு குடித்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

“என்னத்தப் பெரிசாப் பாதுகாத்தம் அக்கா” என்றான்.

நான் போத்தலை மூடிப் பைக்குள் வைத்தேன்.

போகும்போது வருகையாளர் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று காவலாளி நினைவூட்டினார். தம்பி குனிந்து நெடுநேரம் எழுதினான். எழுதுவதில் அவன் எப்போதும் சோம்பேறி. அவன் படலையைக் கடந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். பெயர், முகவரி எல்லாம் முறைப்படி இருந்தன. ‘வந்த நோக்கம்’ என்ற கட்டத்தில் மற்றவர்கள் சுற்றுலா, கல்வி என்று எழுதியிருந்தார்கள். அவன் தன் கோணல் எழுத்தில், ‘அக்காவின் வீட்டுக்கு வந்தேன்’ என்று எழுதியிருந்தான்.

அடுத்த நாள் அதைப் பொறுப்பாளரிடம் காட்டினேன். அவர் வாசித்தார், உண்மையாகவே நெகிழ்ந்துபோனார்.

“எவ்வளவு பாசம், அம்மா” என்றார். “ஆனால் இது கடிதமாகாதே.”

அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். தை மாதத்தில் அந்தக் குறிப்பேடு நிறைந்தது. கட்டி, திகதி எழுதி, மேல் தட்டில் வைத்துவிட்டுப் புதியதைத் திறந்தோம். பலகை பலகையாகவே இருக்கிறது. மருமகள் நீட்டிய காலை இன்னும் மடக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் அவள்மேல் படிந்த தூசியை நான்தான் துடைக்கிறேன்.

ஐந்து மணிக்குக் கையெழுத்து வைத்துவிட்டு இரண்டு தெரு நடக்கிறேன். மச்சாள் என் சத்தத்தைக் கேட்டதும் குசினிக்குள்ளிருந்து கேட்பார்.

“வந்திட்டீங்களா மச்சாள்? சோறு போடட்டா?”

“போடுங்க” என்று சொல்லிவிட்டு, விறாந்தைக் கதிரையில் காத்திருப்பேன்.